பாஸ்போர்ட்டில் வரும் 'லெட்'

வணக்கம் நண்பரே. இந்தியப் பாஸ்போர்ட்டின் தொடக்கத்தில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' என்று இருக்கிறதே, "லெட் என்றால் அனுமதிப்பதுதானே, அச்சுப்பிழையா?" என்று கேட்டிருந்தீர்கள். பிழையே இல்லை. இது வேறு 'லெட்'; தடை என்று பொருள்.

பழைய ஆங்கிலத்தில் 'லெட்டன்' என்றால் தடுப்பது, 'லேட்டன்' என்றால் விடுவது. இரண்டும் தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. நம் 'ஆறு' எண்ணாகவும் நதியாகவும் இருப்பது போலத்தான். இங்கே பொருள் நேரெதிர் என்பதுதான் கூத்து! ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தன்னை 'லெட்' செய்பவனைப் பேயாக்கிவிடுவேன் என்று மிரட்டுவதும் தடுப்பவனைத்தான். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இந்தப் பொருள் உண்டு. இன்று பெரும்பாலும் சட்ட நடையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் எழுத வேண்டுமானால் 'தங்குதடையின்றி' என்று போடுங்கள். கச்சிதமாகப் பொருந்தும்.