பல்கலைக்கழகத்தில் நிதி நெருக்கடி: தினக்கூலி ஊழியர் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் 2014 ஜூன் முதல் தினக்கூலித் தட்டச்சராக வேலை செய்கிறேன். நாளொன்றுக்கு ரூ.500 கூலி. நிதி இல்லை என்று கூறி, மாதம் 26 நாளாக இருந்த வேலையை மூன்று மாதங்களுக்கு முன் 15 நாளாகக் குறைத்துவிட்டார்கள். இனி ஆட்களை அனுப்பும் ஒரு தனியார் நிறுவனத்தில் புதிதாக விண்ணப்பித்தால்தான் வேலை என்று இப்போது வாய்மொழியாகச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அந்த விண்ணப்பத்தில் உங்கள் பெயருக்கு எதிரே புதிய பணிநாள் ஒன்று எழுதப்படும். அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கும் உங்களுக்கும் இடையே இருந்த பதினோரு ஆண்டுத் தொடர்பை நிறுவும் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழுந்துவிடும்.

நிதி நெருக்கடி பொய் என்று நான் சொல்லவில்லை. அரசு மானியம், இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி ஆகியவற்றை நம்பியிருக்கும் பல்கலைக்கழகத்தில் வருவாய் சுருங்கும்போது, ஓய்வூதியத்திலும் நிரந்தர ஊழியரின் சம்பளத்திலும் எளிதில் கைவைக்க முடியாது. தினக்கூலியோ பல இடங்களில் சில்லறைச் செலவினத்தில்தான் எழுதப்படுகிறது. கத்தரி முதலில் அங்கே படுவது அதனால்தான். 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் முழுக் கட்டுப்பாட்டில் வந்த பின், உபரி என்று கணக்கிடப்பட்ட நிரந்தர ஊழியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். தினக்கூலி ஊழியருக்கு அப்படி ஒரு பணி நிரவல் ஏற்பாடு வழக்கத்தில் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது தனியார் நிறுவனம் அன்று, அந்தப் 15 நாள் கணக்கு. ஆட்குறைப்புக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் ஓர் எண்ணில் தொங்குகிறது: வேலை நிறுத்தப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மாதம் 26 நாள் என்றால் ஆண்டுக்கு 312 நாள். குறைக்கப்படும் ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து 11 நாளைத் தின்னும். ஆறு மாதம் இப்படிப் போனால் 246 நாள் மிஞ்சும்; ஏழாவது மாதம் முடியும்போது நீங்கள் 235 நாளில் நிற்பீர்கள். தொழிலாளியின் தவறின்றி வேலை தடைபடுவது தொடர்பணியை முறிக்காது என்று அப்போதும் வாதிட இடமுண்டு என்றாலும், அது வழக்கறிஞரின் வாதத்திறனைப் பொறுத்தது. 240 நாள் இருக்கும்போதோ வருகைப் பதிவேடே பேசும். மூன்று மாதம் கடந்துவிட்டது, இன்னும் மூன்றுதான் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்துமா என்று கேட்பீர்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் பெண்கள் கல்லூரிக்காக ஓட்டிய பேருந்துகள் நட்டத்தில் போவதாகக் கூறி ஓட்டுநர்களை நீக்கிய வழக்கில், பல்கலைக்கழகம் ‘தொழில்’ ஆகாது, ஆகவே அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (சிக்கனம் என்றதும் முதலில் ஓட்டுநர் கண்ணில் படுவது அன்றே இருந்த வழக்கம்தான்.) 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண அய்யர் எழுதிய தீர்ப்பு அந்த நிலையை மாற்றியது. அதன்படி கல்வி நிறுவனங்களும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. அந்த விளக்கத்தை மீண்டும் ஆராய 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள் என்பதால், தாமதிக்காமல் உரிமை கோருவதே நல்லது. 2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருந்தாலும், 240 நாள் கணக்கும் இழப்பீட்டு விகிதமும் மாறவில்லை. கௌரவ விரிவுரையாளர்களுக்கு மட்டும் இந்த வழி திறக்காது, ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்பது 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

உங்களை நீக்குவதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான கூலி ரூ.13,000 தர வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி வீதம் 11 ஆண்டுக்கு ரூ.82,500 இழப்பீடு உண்டு. ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர் என்பதால் பணிக்கொடையாக இன்னொரு ரூ.82,500 தனியே வர வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் கழித்துக்கொள்ள முடியாது. கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உங்களுக்குப் பின் வந்தவர் அதே பிரிவில் அதே வேலையில் தொடர்கிறாரா என்று பாருங்கள்.

நிரந்தரம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. நீண்டகாலம் தற்காலிகமாக இருந்ததாலேயே நிரந்தர உரிமை பிறக்காது என்று 2006இல் உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது. ஆயினும் உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணி ஆணையத்தின் தினக்கூலி ஊழியர்கள் தொடுத்த தரம் சிங் வழக்கில், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிதி நெருக்கடியைக் காட்டி நியாயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது என்று கூறி, அவர்களைப் பணிவரன்முறை செய்ய, அதாவது நிரந்தரமாக்க, உத்தரவிட்டது. ஆண்டு முழுவதும் தேவைப்படும் பணியில் இருக்கும் உங்களுக்கு இது பயன்படலாம். ஆனால் அதையே நம்பி மேற்சொன்ன தொகையைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரமே பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். 2014 முதல் பணியில் இருப்பதையும், நாள்கள் எப்போது குறைக்கப்பட்டன என்பதையும், வேலைக்கு வரத் தயாராக இருப்பதையும் அதில் குறிப்பிடுங்கள். எழுத்தில் உத்தரவு இல்லாத இடங்களில், “அவராகவே வராமல் நின்றுவிட்டார்” என்பதே நிர்வாகம் பிற்பாடு சொல்லும் வழக்கமான பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் வருகைப் பதிவேட்டின் நகலையும், கூலிப் பட்டியலையும், இந்த மாற்றத்துக்கு ஆட்சிக்குழு தீர்மானம் இருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வாசலில் தடுத்துவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள், தீர்ப்பாயத்துக்குச் செல்ல இப்போது இரண்டு ஆண்டுதான் அவகாசம். வீட்டுச் சூழலால் அந்த நிறுவனத்தின் தாளில் கையெழுத்திட்டே ஆக வேண்டியிருந்தால், 2014 முதலான பணித்தொடர்ச்சியை விட்டுக்கொடுக்கவில்லை என்று கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதி, தாளைத் திருப்பித் தருவதற்கு முன் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.