எம்எக்ஸ்-5 பற்றரி: பழைய சார்ஜரைக் கொழுவி விடாதீர்கள்

வணக்கம் அண்ணை. கொக்குவில் வீட்டில் ஆறு மாதம் நிற்கப்போகும் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு, அப்பாவின் பழைய ட்ரிக்கிள் சார்ஜரை (பற்றரிக்கு மெல்ல மெல்ல மின்னேற்றும் கருவி) விடாமல் கொழுவி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பற்றரி நிரம்பிய பிறகும் அது மின்னைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் யாழ்ப்பாண வெக்கையில் உள்ளே தண்ணீர் வற்றி, தகடுகள் கெட்டுவிடும்.

நிரம்பியதும் 13.5 வோல்ட் அளவுக்குத் தானாக இறங்கும் சார்ஜராக வாங்குங்கள். கரண்ட் போய் வந்தால் அது தானே மறுபடி தொடங்குமா என்று கடையில் கட்டாயம் கேளுங்கள். சிலவற்றில் திரும்பவும் பட்டனை அமத்த வேண்டும், வீட்டில் அம்மா மட்டும் என்றால் அது சரிவராது.

அப்புறம், இந்தக் காரில் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. பற்றரியின் வாயு வெளியேறும் குழாய் கழன்றிருக்கிறதா என்று போகுமுன் பாருங்கள். திரும்பி வந்ததும் சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு விட்டு அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.