கையெழுத்துப் போட்ட அஞ்சல் ஒப்பந்தம் எப்போது செல்லுபடியாகும்?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வீட்டுக் கராஜை வைத்தே சிறு தொழில் நடத்துகிறேன். குழந்தைகளுக்கான தமிழ் எழுத்துக் கட்டைகள், கதைப் புத்தகங்கள், எழுத்து அட்டைகள் விற்கிறேன். டொரன்டோ, லண்டன், சிட்னியில் உள்ள தமிழ்ப் பள்ளிகளும் பெற்றோர்களும்தான் வாடிக்கையாளர்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் மாதத்துக்கு 250 பார்சல் போகும். மே முதல் ஆகஸ்ட் வரை மாதத்துக்கு 90 போனாலே பெரிது. ஒரு ஷிப்பிங் ஆலோசகர் மூலம் அமெரிக்க அஞ்சல் சேவையோடு தனி விலை ஒப்பந்தம் போட்டேன். "கையெழுத்துப் போட்டாச்சு, இனி உங்களுக்கு இந்த விலைதான்" என்றார். அதை நம்பி ஷிப்பிங் கட்டணத்தைக் குறைத்து அறிவித்து 120 ஆர்டர் வாங்கிவிட்டேன். இப்போது லேபிள் போட்டால் பழைய விலையே விழுகிறது. பார்சலுக்கு 7 டாலர் கையைக் கடிக்கிறது. கேட்டால், வாஷிங்டனில் ஏதோ ஆணையம் பார்த்து முடிக்க வேண்டுமாம். இந்த நஷ்டம் யார் தலையில்? என் விலையை ஆணையத்தில் தாக்கல் செய்தால் போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்களா? டெக்சாஸில் இதே பொருள்களை விற்கும் ஒருவருக்கு இன்னும் குறைந்த விலையாம். அதை நானும் கேட்க முடியுமா?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஆலோசகர் அந்த 'முன்நிபந்தனைகள்' பத்தியைப் படித்திருந்தால் உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அஞ்சல் சேவையின் நிர்வாகமும் வெளியே உள்ள மேற்பார்வை அமைப்புகளும் ஒப்புதல் தரும் வரை இரு தரப்புக்கும் எந்தக் கடமையும் இல்லை, எந்த உரிமையும் இல்லை என்று அது சொல்கிறது. இந்த வகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் பத்திதான் அது. ஆக, உங்கள் கையெழுத்து இன்றைய தேதிக்கு ஒரு விண்ணப்பம் மட்டுமே. புதிய விலை இன்னும் உயிர் பெறவில்லை.

ஏன் இப்படி? அமெரிக்க அஞ்சல் சேவைக்கு இரண்டு விதமான வியாபாரம் இருக்கிறது. சாதாரணக் கடிதம் போன்றவற்றில் அதுதான் சந்தையின் ராஜா. பார்சலில் அப்படி இல்லை. தனியார் நிறுவனங்களோடு மோத வேண்டும். கடிதம் போடும் பாட்டியின் ஸ்டாம்ப் காசை எடுத்துப் பார்சல்காரர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் 2006 டிசம்பரில் கொண்டுவந்த அஞ்சல் சீர்திருத்தச் சட்டம் சில வேலிகளைப் போட்டது. கடித வருமானம் பார்சலைத் தாங்கக் கூடாது. பார்சல் வகைச் சேவை ஒவ்வொன்றும் தனக்கு ஆகும் செலவைத் தானே ஈட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து நிறுவனத்தின் பொதுச் செலவிலும் நியாயமான பங்கைச் சுமக்க வேண்டும். இவற்றைக் கண்காணிப்பது அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம். குடியரசுத் தலைவர் நியமித்து செனட் ஒப்புதல் தரும் ஐந்து ஆணையர்களுக்கு அதில் இடம் உண்டு. 1970-இல் அஞ்சல் கட்டண ஆணையமாகத் தொடங்கியது. 2006 சட்டம்தான் அதற்கு இன்றைய பெயரையும் கூடுதல் அதிகாரத்தையும் கொடுத்தது.

உங்களுடையது போல ஒரு வாடிக்கையாளருக்கென்று பேசி முடித்த விலையை, அது நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே அஞ்சல் சேவை இந்த ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கூடவே செலவுக் கணக்குகளும், அந்தக் கணக்கு சரி என்று அதிகாரி ஒருவர் சான்றளித்த கடிதமும், விவரங்களை ரகசியமாக வைக்கக் கோரும் விண்ணப்பமும் போகும். ஆணையம் ஒரு டாக்கெட் எண், அதாவது கோப்புப் பதிவு எண், கொடுத்து அறிவிப்பு வெளியிடும். பொதுமக்கள் சார்பில் பேச ஓர் அலுவலரை நியமிக்கும். கருத்துச் சொல்லச் சில நாள்களே அவகாசம். கணக்கில் எங்காவது இடித்தால் ஆணையத் தலைவர் பெயரில் கேள்விகள் போகும். அப்போது 15 நாள் நீளும். ஏற்கெனவே அனுமதி பெற்ற ஓர் அடிப்படை ஒப்பந்தத்தோடு உங்களுடையது செலவிலும் சந்தைத் தன்மையிலும் ஒத்துப்போனால், அந்த வகையின் கீழேயே சேர்த்துவிடுவார்கள். புதிய சேவை வகையாகத் தனி விசாரணை தேவைப்படாது. உங்களுடையது அப்படித்தான் போகும் என்று தெரிகிறது. நிராகரித்துவிடுவார்களோ என்று ரொம்பப் பயப்பட வேண்டாம்.

விலை எல்லைகளையும் ஒப்பந்த மாதிரியையும் ஆணையம் முன்கூட்டியே அனுமதித்துவிட்ட வகையும் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனியாக எடுத்துப்போய் 15 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆலோசகர் அந்த வகையை நினைத்துக்கொண்டு பேசினாரோ என்னவோ. உங்கள் நகலில் ரகசியப் பத்தியில் டாக்கெட் எண்ணுக்கு ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு இருப்பதால் உங்களுடையது தாக்கலாக வேண்டிய வகை. அது இன்னும் நிரப்பப்படாமல் இருப்பதால், அநேகமாக இன்னும் தாக்கலே ஆகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் முக்கியமான விஷயம் இதில்தான் தொங்குகிறது.

முதலில் அந்த 120 பார்சலுக்கு ஏழு ஏழாகப் போகும் 840 டாலர். அஞ்சல் சேவையிடம் அதைக் கேட்க முடியாது. ஒப்பந்தமே நடைமுறைக்கு வராதபோது, அறிவித்த பொதுக் கட்டணத்தை வாங்கியதில் தவறில்லை. அஞ்சல் சேவை ஊழியரே வாய்மொழியாக உறுதி சொல்லியிருந்தாலும் உங்கள் கை ஓங்காது. 1947-இல் ஐடஹோ மாநிலக் கோதுமை விவசாயிகள் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. மறுபடி விதைத்த நிலத்துக்கும் பயிர்க் காப்பீடு உண்டு என்று உள்ளூர்க் குழு அவர்களிடம் சொல்லியிருந்தது; விதியோ கிடையாது என்றது. வறட்சியில் பயிர் போனது, பணமும் கிடைக்கவில்லை. அரசோடு ஒப்பந்தம் போடுகிறவர், எதிரே இருப்பவருக்கு அந்த வாக்கைத் தர அதிகாரம் உண்டா என்பதைத் தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும் தீர்ப்பு. ஆனால் சட்டம் இன்றும் அதுதான்.

ஆலோசகர் கதை வேறு. அவருக்குக் கட்டணம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் சொன்ன தவறான தகவலால் நஷ்டம் வந்திருக்கிறது. 840 டாலருக்கு நியூ ஜெர்சியின் சிறு உரிமைகள் நீதிமன்றமே போதும். அங்கே 5,000 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த "கையெழுத்துப் போட்டாச்சு" பேச்சு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இருந்தால் உடனே பத்திரப்படுத்துங்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர்களிடம் வாங்கிய 120 ஆர்டரையும் சொன்ன கட்டணத்திலேயே அனுப்பிவிடுங்கள். கூடுதல் காசு கேட்டால் அந்தப் பெற்றோர்கள் உங்கள் மேல் புகார் எழுதுவார்கள், அதில் நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். இணையதளத்தில் இன்றே பழைய கட்டணத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். குறைந்தபட்ச உறுதி: ஆண்டுக்கு 60,000 டாலர் அஞ்சல் கட்டணம். மாதம் 250 பார்சல், சராசரி 22 டாலர், 12 மாதம் என்று போட்டால் 66,000 வருகிறது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் உங்களைச் சம்மதிக்க வைத்திருப்பார்கள். உங்கள் கேள்வியிலேயே உண்மைக் கணக்கு இருக்கிறது. எட்டு மாதம் 250, நான்கு மாதம் 90 என்றால் ஆண்டுக்கு 2,360 பார்சல். அதை 22 டாலரால் பெருக்கினால் 51,920 டாலர். 8,080 டாலர் குறைகிறது. 840 டாலருக்கு அழுதுகொண்டிருக்கும்போது இது அடுத்த ஆண்டு வாசலில் வந்து நிற்கும். குறைந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் நகல் தெளிவாகச் சொல்லவில்லை. தள்ளுபடியை நிறுத்துவார்களா, மீதியைக் கேட்பார்களா, புதுப்பிக்க மாட்டார்களா? இதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் நகரக் கூடாது.

ஆணையம் இதையெல்லாம் பார்க்காதா என்று நினைப்பீர்கள். பார்க்காது. உங்களால் அஞ்சல் சேவைக்கு நஷ்டம் வருமா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். உங்களுக்கு நஷ்டம் வருமா என்பது அவர்கள் மேசைக்கு வராது. உங்கள் கோடை மாதங்களைப் பற்றி ஆணையத்தில் யாரும் பேசப்போவதில்லை. இதைச் சிறு வியாபாரிகள் புரிந்துகொள்ளாமல், "அரசாங்கமே சரிபார்த்த ஒப்பந்தம்தானே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். என்னிடம் வந்தவர்களிலேயே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

விலை மாறும் பத்தியும் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டுப் பார்சலின் செலவில் ஒரு பங்கு, போய்ச் சேரும் நாட்டின் அஞ்சல் துறைக்குக் கொடுக்கும் விநியோகக் கட்டணம். உலக அஞ்சல் ஒன்றியம் அவற்றைச் சிறப்பு எடுப்பு உரிமை என்ற கணக்கு நாணயத்தில் வைத்திருப்பதால் டாலர் இறங்கினால் செலவு ஏறும். செலவு ஏறிய பிறகும் விலை ஏறாவிட்டால் சட்டத்தின் வேலியை அஞ்சல் சேவை மீறியதாகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் கடைசியில் அஞ்சல் சேவை தன் கணக்கை ஆணையத்திடம் கொடுக்கிறது. மார்ச் கடைசிக்குள் ஆணையம் தீர்மானம் வெளியிடுகிறது. செலவைத் தாங்காத ஒப்பந்தங்கள் அதில் சிக்கும். அதனால் விலை ஏறலாம் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். விலை ஏறினால் நீங்கள் அபராதம் இல்லாமல் விலகலாம் என்ற வரியை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேட்டால் தருவார்களா? இங்கேதான் அந்தக் காலிக் கோடு உதவுகிறது. 'இரு தரப்புக்கும் கடமை இல்லை' என்று சொல்லும் பத்தி உங்களையும் கட்டவில்லை. தாக்கலாகும் முன் திருத்தம் கேட்டால் பக்கத்தை மாற்றிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தாக்கலான பிறகு என்றால் திருத்தத்தையும் ஆணையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது உங்கள் சிறு கணக்குக்காக மெனக்கெட யாரும் விரும்ப மாட்டார்கள்.

போட்டியாளர் பார்ப்பாரா என்றால், பொதுமக்கள் பார்க்கும் பிரதியில் விலைப் பட்டியல் முழுக்கக் கறுப்புப் பட்டையாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் பெயரையும் பெரும்பாலும் மறைத்துவிடுவார்கள். மறைத்த பகுதியைப் பார்க்க ஒருவர் ஆணையத்தில் மனுப் போடலாம். ஆனால் போட்டி நிறுவனத்தில் வணிக முடிவுகள் எடுக்கிறவருக்கு அந்த அனுமதி கிடைக்காது. ரகசியக் காப்பு வழக்கமாக 10 ஆண்டு. மறைக்கச் சொல்லிக் கேட்பது அஞ்சல் சேவை என்றாலும், உங்கள் தொழில் பெயர், முகவரி, எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்ற விவரம் மூன்றையும் மறைக்க வேண்டும் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். உங்களைப் போன்ற கடைகள் ஒரு கையால் எண்ணக்கூடியவை. நாட்டுப் பட்டியலைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

டெக்சாஸ் விலை பற்றி. வாடிக்கையாளர்களிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, அதற்கு ஆணையத்தில் புகாரும் கொடுக்கலாம். கொடுத்தால் 90 நாளுக்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும் அல்லது தள்ளுபடி செய்ய வேண்டும். வீடியோ கேம் வட்டுகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிய கேம்ஃப்ளை நிறுவனம், அப்போது திரைப்பட வட்டுகளை அஞ்சலில் அனுப்பிய நெட்ஃபிளிக்ஸுக்கு அஞ்சல் சேவை காட்டும் தனிக் கவனிப்பு தனக்கு இல்லை என்று 2009-இல் புகார் கொடுத்து, 2013-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றது. நான்கு ஆண்டு வழக்கு, நல்ல வசதியுள்ள நிறுவனம். நீங்கள் நிரூபிக்க வேண்டியது: அவரும் நீங்களும் ஒரே நிலையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு மோசமான நிபந்தனை, அதற்குத் தகுந்த காரணம் இல்லை. அவர் ஆண்டு முழுக்க ஒரே சீராக அனுப்புகிறார் என்றாலே அது ஒரு காரணமாகிவிடும். அவர் ரீசெல்லர் ஒருவர், அதாவது அஞ்சல் சேவையிடம் வாங்கி மறுவிற்பனை செய்யும் இடைத்தரகர், மூலம் விலை வாங்கியிருக்கவும் கூடும். அப்படியானால் அது அவருக்கும் அந்த ரீசெல்லருக்கும் இடையிலான தனி ஏற்பாடு, ஆணையத்தில் பேச இடமே இல்லை. காதில் விழுந்த விலையை வைத்து வழக்குப் போடாதீர்கள். பேரம் பேசப் பயன்படுத்துங்கள், அது போதும்.

ஆகவே திங்கட்கிழமை காலை அஞ்சல் சேவையின் விற்பனை அலுவலருக்கு நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள், ஆலோசகர் வழியாக வேண்டாம். தாக்கலாகிவிட்டதா, டாக்கெட் எண் என்ன என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால், குறைந்தபட்ச உறுதியை 45,000 டாலராகத் திருத்தித் தரும் வரை தாக்கல் செய்ய வேண்டாம் என்று எழுதுங்கள். கடந்த 12 மாத லேபிள் கணக்கை மாத வாரியாகப் பிரித்து இணையுங்கள். அந்தக் கோடைப் பள்ளத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம், ஒப்பந்தம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அவர்கள் எழுத்தில் தெரிவித்த பிறகுதான், அந்தத் தேதியில்தான், இணையதளத்தில் கட்டணத்தைக் குறையுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். திருத்திய பக்கத்தைக் கையெழுத்துக்கு முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.