ரொட்டியும் கஞ்சியும்

கேள்வி: இந்தியர்களில் யாருக்குத் தலைக்கனம் அதிகம்? இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரொட்டிக்காரர்கள் நம்மைக் 'கஞ்சி' என்கிறார்கள். குஜராத்திகள் நம் வீட்டில் கை நனைப்பதில்லை. போதாததற்கு, சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் நம் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கஞ்சி என்றால் உங்களுக்குச் சுடுகிறது. ரொட்டிக்காரர்கள் என்று எழுதும்போது கை கூசவில்லையா, அம்மா? அந்த இந்திக் குடும்பங்களும் நம்மைப் போலக் கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது. பத்தே நாளில் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர். பத்து நாள் முன்னே இறங்கியதில் நமக்கென்ன பெருமை, பின்னே இறங்கியதில் அவர்களுக்கென்ன குறை?

குஜராத்தி வணிகர்கள் சொந்தக் காசில் பயணச்சீட்டு எடுத்து வந்தார்கள். அந்தச் சீட்டுத்தான் இங்கே குலப்பெருமையாகிவிட்டது. வெள்ளைக்காரன் எல்லோரையும் கூலி என்றபோது, முஸ்லிம் வணிகர்கள் தங்களை அரபிகள் என்றும், பார்சி குமாஸ்தாக்கள் பாரசீகர்கள் என்றும் சொல்லித் தப்பப் பார்த்ததைக் காந்தியே எழுதியிருக்கிறார். 1894இல் அவர் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசில் ஒப்பந்தக் கூலிகள் இல்லை. சந்தா கட்ட வழியில்லை. பாலசுந்தரம் என்ற தமிழர், முதலாளி அடித்ததில் முன்பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அவர் முன் போய் நின்ற பிறகுதான் தோட்டத்து ஜனங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1913இல், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரிக்கு எதிராக நியூகாசில் சுரங்கங்களை விட்டு நடந்தவர்களில் தமிழர், தெலுங்கர், இந்திக்காரர் எல்லாரும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே வரி ஒழிந்தது. 1950இல், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தபோதும் யார் வீட்டில் கஞ்சி, யார் வீட்டில் ரொட்டி என்று சர்க்கார் கேட்கவில்லை. மொத்தமாகத் தூக்கிச் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்சிலும் போட்டது.

இத்தனைக்குப் பிறகும் நமக்கு வரும் கல்யாண விளம்பரங்களில் 'தமிழர் மட்டும்' என்று இருக்கிறது. பெண்ணும் பையனும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பி நிற்பார்கள்; பெற்றவர்கள் பாஷை பார்ப்பார்கள், அதுவும் வீட்டில் யாருமே பேசாத பாஷையை! இதை எழுதும்போதெல்லாம் சந்தாவை நிறுத்துவோம் என்று கடிதம் வருகிறது. நிறுத்தட்டும்.

சென்னைப் பிள்ளைகள் சிரிப்பது தவறுதான். சரி, அவர்களைப் புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள், கூட்டத்தைப் பார்க்கட்டும். அப்புறம் சனிக்கிழமைதோறும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தமிழ் சொல்லித் தரச் சொல்லுங்கள். வகுப்புக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்று எத்தனையோ இதழ்களில் புலம்பிவிட்டேன். பக்கத்து வீட்டு இந்திக் குழந்தை வந்தால் அதையும் உட்கார வையுங்கள்.