வாசகர் கேள்வி: மூத்த குவார்ட்டர்பேக்கில் யாரை எடுக்கலாம்?

கேள்வி: என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகில் எங்கள் அணிக்கு அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தி, பந்தை எறிபவர்) தேவை. பெரிய பெயரா, மலிவான ஆளா என்று நண்பர்களுக்குள் ஒரே சண்டை. எது சரி?

பதில்: இரண்டுக்கும் முன்னால், அவரைக் காக்கும் தடுப்பு வரிசையைப் பாருங்கள். முப்பத்தைந்தைத் தாண்டியவரால் ஓடித் தப்பிப்பது கடினம். பந்து சீக்கிரம் கையை விட்டுப் போக வேண்டும். 2020இல் குவார்ட்டர்பேக் டாம் பிராடி டாம்பா பே அணிக்குப் போனபோது, பந்தைப் பிடிக்கும் மைக் எவான்ஸும் கிறிஸ் காட்வினும் அங்கே தயாராக இருந்தார்கள். அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் எனும் இறுதி ஆட்டப் பட்டம் கிடைத்தது. 2023இல் ஜெட்ஸ் அணிக்குப் போன ஆரோன் ராட்ஜர்ஸுக்கோ முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பிலேயே (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) குதிகால் நாண் அறுந்தது.

கேள்வி: ஒரே வருட ஒப்பந்தம்தானே, என்ன நஷ்டம்?

பதில்: அங்கேதான் கண்ணி. 1 கோடி டாலர் கையெழுத்து போனஸ் கொடுத்து, நான்கு வெற்று ஆண்டுகளை (கணக்கைப் பரப்ப மட்டும் சேர்ப்பவை, அவர் ஆடமாட்டார்) ஒட்டினால், போனஸ் ஐந்து ஆண்டுக்குப் பிரிந்து, இந்த ஆண்டு சம்பள வரம்பில் (ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சத் தொகை) 20 லட்சம்தான் ஏறும். ஒப்பந்தம் முடிந்ததும் மீதி 80 லட்சம் மொத்தமாக அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும், ஆள் இல்லாமலே.

கேள்வி: மலிவாக நல்லவர் கிடைப்பாரா?

பதில்: பழைய அணி உத்தரவாதப் பணத்தைச் சுமந்தால் கிடைப்பார். 2024இல் டென்வர் விடுவித்த ரசல் வில்சனை பிட்ஸ்பர்க் சுமார் 12 லட்சம் டாலருக்கு எடுத்தது. பெரும்பணத்தை டென்வரே கொடுத்தது. இப்படி விடுவிக்கப்பட்டவரை எடுத்தால் இழப்பீட்டு டிராஃப்ட் வாய்ப்பும் (வீரர்களை இழந்த அணிக்கு, புதியவர்களைத் தேர்ந்தெடுக்க லீக் தரும் கூடுதல் வாய்ப்பு) குறையாது. பலரும் இதைக் கவனிப்பதில்லை.