மிஸ்டர் பீன் என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் நடிகர் 15 பாகங்களில் பெரும் பணம் சம்பாதித்தது எப்படி?

காரணம், அந்தத் தொடரில் பேச்சு மிகக் குறைவு. மொழிபெயர்க்காமலே எந்த நாட்டிலும் ஓடும். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டில், தமிழ் தவிர வேறு மொழி தெரியாத என் பாட்டி அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் 1955-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா விவசாயி. மின்பொறியியல் படித்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் மேடையேறி, 1979-இல் பிபிசியின் குறுநாடக நிகழ்ச்சியால் புகழ்பெற்றார். அவருக்குத் திக்குவாய் உண்டு. வேடம் போட்டால் திக்கல் மறைந்துவிடுமாம். பணத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பீன் தொடர் 1990-இல் தொடங்கியது. அப்புறம் திரைப்படங்கள், கார்ட்டூன் என்று வருமானம் பெருகியது. 1997-இல் வாங்கிய மெக்லாரன் காரை, இரண்டு விபத்துகளுக்குப் பிறகும், 2015-இல் சுமார் 8 மில்லியன் பவுண்டுக்கு விற்றார்.