கோடை விடுமுறையில் என்ன படிப்பது? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகன் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான், மகள் ஐந்தாவது. போன வருடம் பள்ளி திறந்ததும், மகளுக்கு வகுத்தல் சுத்தமாக மறந்துவிட்டது என்று அவள் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். அதனால் இந்த முறை லீவு விட்டதுமே ஒர்க்புக் வாங்கி, காலையில் இரண்டு மணி நேரம் என்று டைம்டேபிள் போட்டேன். நாலு நாளில் வீடு போர்க்களமாகிவிட்டது. என் கணவரின் அண்ணன், பையனை இப்போதே ஒன்பதாம் வகுப்பு போர்ஷன் நடத்தும் டியூஷனில் சேர்க்கச் சொல்கிறார். சும்மா விட்டால் நாள் முழுக்க போன்தான். என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

வணக்கம்மா,

பிள்ளைகள் மறப்பது நிஜம்தான், உங்கள் பயத்தில் தப்பில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1996ல் இதுபற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோடை விடுமுறையில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்று தெரிந்தது. அதிகம் போவது கணக்குப் போடும் முறைகளும் எழுத்துக்கூட்டலும். வாசிப்பில் மட்டும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, ஏழைப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பின்னாளில் பால் வான் ஹிப்பல் போன்ற ஆய்வாளர்கள், பழைய தேர்வுகள் அளந்த விதத்திலேயே கோளாறு இருக்கிறது, இழப்பு அவ்வளவு இருக்காது என்று வாதிட்டார்கள். அங்கே விடுமுறை பத்து வாரத்துக்கு மேல். நமக்கு அவ்வளவு இல்லை. உங்கள் மகளின் வகுத்தல் ஜூனில் ரெண்டு வாரம் போட்டால் திரும்பி வந்துவிடும். அதற்காக மே மாதத்தைக் காவு கொடுக்க வேண்டியதில்லை.

டியூஷன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது, வேண்டாம். விடுமுறையில் வகுப்பு நடத்தக்கூடாது என்று பள்ளிக்கல்வித்துறை பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதும், அது பாட்டுக்கு நடப்பதும் நமக்குத் தெரிந்த கதை. சட்டத்தை விடுங்கள். ஒன்பதாவது பாடத்தை மேயிலேயே அரைகுறையாகக் கேட்ட பையன், ஆகஸ்டில் ஆசிரியர் அதையே நடத்தும்போது ‘இதுதான் தெரியுமே’ என்று ஜன்னலைப் பார்ப்பான். ஆனால் தெரிந்திருக்காது. ஒர்க்புக்கையும் பரண்மேல் போடுங்கள்.

மகளுக்குத் தாயம் போதும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று விழுவதைக் கூட்டி, எந்தக் காயை நகர்த்தினால் எதை வெட்டலாம் என்று மனதிலேயே கணக்குப் போடுவதை அரை மணி நேரம் அவளாகச் செய்வாள். வகுத்தலுக்குக் கடைக்கு அனுப்புங்கள். கால் கிலோ விலை தெரிந்தால் நூறு கிராம் எவ்வளவு என்று அவளே சொல்லட்டும். ஆடு புலி ஆட்டம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ரொம்ப நல்லது. மூன்று புலி, பதினைந்து ஆடு. பையனைப் புலியாக்கிவிட்டு நீங்கள் ஆடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்புக்கு நூலகம். நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே பெரிய பிரிவு இருக்கிறது, ஏசி வேறு. வாரம் ஒருமுறை அங்கே போகலாம். வீட்டுக்கு எடுத்துவர உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள் (வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள்). வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்! 1948ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகர் ஆவதற்கு முன் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது அவர் வகுத்த விதிகளில் ஒன்று. ஆகவே பிள்ளைகள் பேய்க்கதையை எடுத்தாலும் ஜோக்ஸ் புத்தகத்தை எடுத்தாலும் குறுக்கே போகாதீர்கள். என்ன புரிந்தது என்று கேள்வி கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

பையனுக்குத்தான் வேறு ஒன்று வைத்திருக்கிறேன். உச்சி வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேளுங்கள். காலடியில் என்பான், இல்லாவிட்டால் வடக்கே என்பான். மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுவில். அப்புறம் அது நமக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால் மே மாதம் முழுக்க நண்பகல் நிழல் தெற்கே விழும். மொட்டைமாடியில் சரியாக ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லுங்கள். தொப்பி போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்துவிடலாம். மிகக் குட்டையான நிழல் பன்னிரண்டேகால் வாக்கில் விழும். பன்னிரண்டு மணிக்கு ஏன் இல்லை என்று அவன் கேட்டால், நம் கடிகாரம் மதுரைக்கு வெகு கிழக்கே போகும் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்லாதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் அந்த நிழல் ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். மே நடுவில் பதினைந்தைத் தாண்டும். பள்ளி திறக்கும் நேரத்தில் இருபதுக்கு மேல். வாரம் ஒருமுறை அளந்து, சுவரில் ஒட்டிய கட்டத்தாளில் தங்கை புள்ளி வைத்தால் போதும். நிழல் எப்போது வளர்வதை நிறுத்தும் என்று இருவரும் பந்தயம் கட்டட்டும். விடை ஜூன் 21ல் வரும்.

இதில் இன்னொன்றும் செய்யலாம். கிரேக்கத்து எரட்டோஸ்தனிஸ், அவரும் ஒரு நூலகர்தான், அலெக்சாண்டிரியாவில் இருந்தவர். இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். மதுரைக்கும் சென்னைக்கும் வடக்கு-தெற்காக மட்டும் பார்த்தால் சுமார் 350 கிலோமீட்டர். மே நடுவில் சென்னையில் அதே குச்சியின் நிழல் பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும். நிழல் நீளத்தைக் குச்சி நீளத்தால் வகுத்தால் டேன்ஜென்ட். அதைக் கோணமாக மாற்றும் அட்டவணை ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முக்கோணவியல் பாடத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை இப்போதே திறக்க இது ஒன்றுதான் நியாயமான காரணம், பெரியப்பாவிடமும் சொல்லிக்கொள்ளலாம். சூரியன் நேர் உச்சியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் அந்தக் கோணம். இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசத்துக்கு 350 கிலோமீட்டர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? நாற்பதாயிரம் வர வேண்டும். நிழலின் ஓரம் மங்கலாக விழுவதால் ஆயிரம், இரண்டாயிரம் முன்னே பின்னே போகும். பரவாயில்லை.

போனையும் பிடுங்க வேண்டாம். சென்னையில் மச்சான், சித்தி பையன் என்று யாராவது இருப்பான், அவனோடு பேசி ஒரே நாளில் அளக்க போன் வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். இதைப் படிக்கும் சென்னை வாசகர்களில் குச்சி நட ஆள் கிடைத்தால், இரண்டு ஊர் அளவுகளையும் மே கடைசியில் இங்கேயே போட்டுவிடலாம்.